நெகட்டிவ் இல்லாத நட்சத்திரம்

1863 மே 20. அமாவாசை கழிந்து மூன்று நாள். பிறை சீக்கிரமே இறங்கிவிட்டிருக்கும். மெட்ராஸ் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில், அரசு வானியலாளர் நார்மன் ராபர்ட் போக்சன் விருச்சிகத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறித்துக்கொண்டார். ஒன்பதாம் மேக்னிட்யூட். அதாவது வெறுங்கண்ணுக்குத் தெரியாது, சின்னத் தொலைநோக்கியில் தாராளமாகத் தெரியும். அந்த இடத்தில் அதற்கு முன் யாரும் எதையும் குறித்ததில்லை. சில இரவுகளுக்குள் அது மளமளவென்று மங்கிப் போயிற்று. 1891இல் போக்சன் மெட்ராஸிலேயே காலமானார். அதுவரை அந்த நட்சத்திரம் திரும்பத் தென்பட்டதாக அவரும் எழுதவில்லை, வேறு யாரும் எழுதவில்லை.

குரோம்பேட்டையில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று எடுத்துப் பிழைத்தவன் நான். வானியலைக் கல்லூரியில் படிக்கவில்லை. அதனால் இந்தக் கதையைக் கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்த கேள்வி ஸ்டுடியோக்காரன் கேள்விதான்: நெகட்டிவ் எங்கே?

நெகட்டிவ் கிடையாது. இருக்கவும் முடியாது. இது மெட்ராஸில் கேமரா இல்லாததால் அல்ல. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1858இல், லின்னேயஸ் ட்ரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் எடுத்து முடித்துவிட்டார். பெரிய கோயிலின் கல் ஒவ்வொன்றும் தெரியும் அளவுக்குத் துல்லியமான படங்கள். ஆனால் கோபுரம் வெயிலில் அசையாமல் நிற்கும், நட்சத்திரம் அப்படியா? அமெரிக்காவில் ஹார்வர்டின் பெரிய தொலைநோக்கியை வைத்து 1850இல் வேகா நட்சத்திரத்தை ஒரு வெள்ளித் தகட்டில் பிடித்தார்கள். வேகா வானத்திலேயே ஐந்தாவது பிரகாசமான நட்சத்திரம். 1860களில் எல்லாரும் கையாண்டது ஈரக் கொலோடியன் தட்டு. கண்ணாடியில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். பத்து நிமிஷத்துக்குமேல் தாங்காது. மே மாத மெட்ராஸ் புழுக்கத்தில் அதுகூடச் சந்தேகம்தான். மெட்ராஸில் அன்று இருந்த வசதிக்கு, அந்தத் தட்டில் ஒன்பதாம் மேக்னிட்யூட் நட்சத்திரம் விழுவது நடவாத காரியம். உலர்ந்த ஜெலட்டின் தட்டு புழக்கத்துக்கு வந்த பிறகுதான், மணிக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைத்து மங்கல் நட்சத்திரங்களைப் பிடிக்கும் வேலை தொடங்கியது.

ஆக, போக்சனிடம் இருந்தது கண், பென்சில், ஒரு அளவுகோல். அந்த அளவுகோல் அவருடையதே. நாட்டிங்காமில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் வேலை பார்த்த காலத்தில், 1856இல், நட்சத்திர ஒளிக்கு ஒரு கணக்கு வகுத்தார்: ஐந்து மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு ஒளி வித்தியாசம். ஒரு மேக்னிட்யூடுக்கு 2.512 மடங்கு. எண் கூடக்கூட ஒளி குறையும். இன்றைக்கு ஹப்பிள் தொலைநோக்கி வரைக்கும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. இதை வகுத்தவர் முப்பது வருஷம் நம் ஊர் வெயிலில் காய்ந்தார் என்பது நுங்கம்பாக்கத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் ஏன் அந்த இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்கும் காரணம் ஊகிக்கலாம். போக்சன் சிறுகோள் வேட்டைக்காரர். மெட்ராஸ் வந்து இறங்கிய 1861இலேயே, ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள். அதனால் அதற்கு ஏஷியா என்றே பெயர். சிறுகோள்கள் சூரியனும் சந்திரனும் போகும் பாதையை ஒட்டியே திரியும். அந்தப் பாதையிலிருந்து நாலு பாகைக்குள்தான் இந்த நட்சத்திரமும் இருக்கிறது. போதாததற்கு, அங்கிருந்து ஐந்து பாகை தெற்கே எம்80 என்ற நட்சத்திரக் கொத்து. அதற்குள் 1860 மே மாதம் ஒரு நோவா (திடீரென்று வெடித்துப் பிரகாசமாகும் நட்சத்திரம்) வெடித்தபோது, ஜெர்மன் வானியலாளர் ஆவர்ஸ் பார்த்த ஒரு வாரத்தில், இங்கிலாந்திலிருந்து தனியாக அதைப் பார்த்தவர் போக்சன். மூன்று வருஷம் கழித்து, அதே பக்கத்தில் இன்னொரு புது நட்சத்திரம். முந்தையது டி ஸ்கார்ப்பி. இது யூ ஸ்கார்ப்பி ஆயிற்று.

பஞ்சாங்கம் தெரிந்தவர்களுக்கு அடையாளம் சொல்வதானால், அனுஷ நட்சத்திரக் கூட்டத்தின் வடக்கு முனையில் இருக்கும் நட்சத்திரத்திலிருந்து கிழக்கே நாலரை பாகை. கேட்டைக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்றுக் குறைவு. சென்னையிலிருந்து பார்த்தால் உச்சிக்கு வரும்போது கிட்டத்தட்ட அறுபது பாகை உயரம். லண்டனில் ஏறத்தாழ இருபத்தொரு பாகைதான். இந்த நட்சத்திரத்தைப் பார்க்க நம் ஊர் நல்ல ஊர்.

அந்த வானாய்வகம் இன்று இல்லை. 1792இல் மைக்கேல் டாப்பிங் கட்டியது. 1899இல் வானியல் வேலையெல்லாம் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது கல்லூரிச் சாலையில் வானிலை மையத்து வளாகத்துக்குள் நிற்கும் கருங்கல் தூண் ஒன்று. பதினெட்டு அடி உயரம். தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நட்டது. தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து வெட்டியிருக்கிறார்கள். புயல் எச்சரிக்கை கேட்க டிவிக்காரர்கள் மைக்கோடு போகும் அதே வளாகம்தான். ரயில்வேக்கு மணி சொன்னதும் இந்த இடமே. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்திய ‘மெட்ராஸ் டைம்’ இங்கிருந்துதான் தந்தியில் போயிற்று. இங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலை என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அப்படிக் கண்டுபிடித்த முதல் இந்தியர் அவர்தான். போக்சனின் மகள் ஐசிஸும் 1873 முதல் இங்கே சம்பளத்துக்குக் கணக்குப் போட்டவர். ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக்க 1920 வரை யோசித்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

போக்சனின் குறிப்புகள் உடனே அச்சாகவும் இல்லை. மாறொளி நட்சத்திரங்களைப் பற்றி அவர் எழுதி வைத்தவை, அவர் இறந்து பதினேழு வருஷம் கழித்து 1908இல்தான் லண்டனில் புத்தகமாயின. யூ ஸ்கார்ப்பி அதில் ஒற்றைச் சாட்சி சொன்ன வழக்காகவே கிடந்தது.

இனி நெகட்டிவ்களின் கதை. 1880களில் தொடங்கி ஹார்வர்ட் வானாய்வகம் வானத்தை இரவு தவறாமல் கண்ணாடித் தட்டுகளில் எடுக்க ஆரம்பித்தது. வடக்கு வானத்துக்கு அமெரிக்காவில், தெற்கு வானத்துக்குப் பெருவில் அரேகிபா, பிறகு தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபோன்டைன். ஐந்து லட்சம் தட்டுகள் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் நாள், நேரம், எந்தக் கேமரா, எத்தனை நிமிஷம் என்று எழுதி, உறையில் போட்டு, அடுக்கில் வைத்தார்கள். எங்கள் ஸ்டுடியோவிலும் இதே பழக்கம்தான். பிரிண்ட் வாடிக்கையாளருக்கு, நெகட்டிவ் எங்களுக்கு. உறைமேல் நம்பரும் தேதியும். முப்பது வருஷம் கழித்து ஒரு பெண் வந்து, இறந்துபோன அப்பாவின் கல்யாணப் படம் இருக்குமா என்று கேட்டால், நம்பர் தெரிந்தால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்கலாம். எடுத்தவனுக்கு அந்த முகம் நினைவிருக்க வேண்டியதில்லை.

1940இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஹெலன் தாமஸ், போக்சன் சொன்ன இடம் பதிவான பழைய தட்டுகளை எடுத்துப் பார்த்தார். 1906இல் அங்கே ஒரு புள்ளி. 1936இலும் ஒரு புள்ளி. மற்ற தட்டுகளில் வெற்றிடம். இரண்டு முறையும் வானத்தில் நட்சத்திரம் வெடித்திருக்கிறது. உலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. கண்ணாடி மட்டும் பார்த்திருக்கிறது. பிற்பாடு பிராட்லி ஷேஃபர் என்ற அமெரிக்க வானியலாளர் இதே வேலையைத் தொடர்ந்து 1917, 1945 வெடிப்புகளையும் தோண்டியெடுத்தார்.

கண் பார்த்து நெகட்டிவ் இல்லாத வெடிப்பு ஒன்று. நெகட்டிவ் விழுந்து கண் பார்க்காத வெடிப்புகள் நான்கு. போக்சன் குறிப்போடு ஹெலன் தாமஸ் கண்ட இரண்டையும் சேர்த்து வைத்த பிறகுதான் இது திரும்பத் திரும்ப வெடிக்கும் நோவா என்பது உறுதியாயிற்று. மெட்ராஸ்காரர் குறிப்பு இல்லாவிட்டால் ஹெலன் தாமஸுக்கு அந்த மூலையைப் பார்க்கத் தோன்றியிருக்காது. தட்டுகள் இல்லாவிட்டால் போக்சன் ஏதோ சிறுகோளைப் பார்த்துக் குழம்பியிருப்பார் என்றுகூட யாராவது சொல்லியிருப்பார்கள்.

இத்தனை பேர் கண்ணில் தப்பியதற்குக் காரணம் அதன் வேகம். சாதாரண நாளில் யூ ஸ்கார்ப்பி பதினேழரை மேக்னிட்யூட். பெரிய தொலைநோக்கிக்கே மங்கல். வெடித்தால் ஏழரை, எட்டு வரை வரும். போக்சன் கணக்குப்படி ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. ஆனால் இரண்டரை நாளில் மூன்று மேக்னிட்யூட் இறங்கிவிடும், அதாவது பதினாறில் ஒரு பங்கு. ஒரு வாரம் மேகம் மூடியிருந்தால் கதை முடிந்தது. நோவாக்களிலேயே மிக வேகமானவற்றில் இது ஒன்று.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே இருப்பது இரண்டு நட்சத்திரங்கள். ஒன்று எரிந்து முடிந்த வெள்ளைக் குள்ளன். மற்றது அதன் துணை. சுமார் முப்பது மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. துணையிலிருந்து ஹைட்ரஜன் வழிந்து குள்ளன்மேல் படிகிறது. படிந்தது போதுமான அழுத்தம் பெற்றதும் மேற்பரப்பு முழுவதும் அணுக்கரு வினையில் பற்றிக்கொள்கிறது. குள்ளன் அழிவதில்லை, மறுபடி படியத் தொடங்கும். குள்ளன் எவ்வளவு கனமோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த வெடிப்பு. சாதாரண நோவாக்கள் ஆயிரக்கணக்கான வருஷம் காத்திருக்கும்போது இது பத்து வருஷத்துக்கு ஒருமுறை வெடிப்பதற்கு முக்கியக் காரணம், இதன் குள்ளன் கிட்டத்தட்டத் தாங்கும் எல்லை எடையில் இருப்பதுதான். சூரியனைப் போல 1.4 மடங்கு என்கிற அந்த எல்லையைக் கணக்கிட்டவர் மெட்ராஸ் மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்கைத் தொடங்கினார், வயது பத்தொன்பது. நுங்கம்பாக்கத்துக்கும் அந்தக் கல்லூரிக்கும் பஸ்ஸில் போனால் அரை மணி.

1979க்குப் பிறகு தெரியவந்த வெடிப்புகளைக் கண்டுபிடித்ததில் பெரும் பங்கு என்னைப் போன்ற சம்பளமில்லா ஆட்களுக்குத்தான். 1999 பிப்ரவரியில் கண்டுபிடித்த பாட்ரிக் ஷ்மீர் ஜெர்மனியில் ஓர் ஆர்வலர். அடுத்தது 2009.3இல், ஒரு வருஷம் முன்பின்னாக, வரும் என்று ஷேஃபர் முன்கூட்டியே சொன்னார். 2010 ஜனவரி 28 விடிகாலை ஃபுளோரிடாவில் பார்பரா ஹாரிஸ், ஷான் டுவோராக் என்ற இரண்டு ஆர்வலர்கள் தனித்தனியாகப் பிடித்தார்கள். நோவா வெடிக்கும் என்று தேதி சொல்லி, அதன்படி ஆட்கள் காத்திருந்து பிடிப்பது அபூர்வம். 2022 ஜூன் 6 இரவு ஜப்பானில் மசயுகி மொரியாமா பிடித்ததுதான் நான் நேரில் படமெடுத்தது.

வைகாசி விசாகத்துக்கு நாலு நாள் இருந்தது. வளர்பிறை நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே விருச்சிகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. நிலா பக்கத்தில் வருவதற்குள், நட்சத்திரம் மங்குவதற்குள், சாயங்கால இடிமேகம் விலகுகிற ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும். என்னிடம் இருந்தவை: கல்யாண வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கேனன் கேமரா, 200 மில்லிமீட்டர் லென்ஸ், பூமி சுற்றுவதற்கு ஈடாகக் கேமராவை மெல்லத் திருப்பும் சிறிய டிராக்கர். தொலைநோக்கி வேண்டியதில்லை. எட்டாம் மேக்னிட்யூடுக்குக் கல்யாண லென்ஸே போதும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். ஐரோப்பாக்காரனுக்கு அது பாதி வானத்தில் நிற்கும். சென்னையில் அடிவானத்துக்கு மேலே பதின்மூன்று பாகை. குரோம்பேட்டையிலிருந்து வடக்கே பார்த்தால் அந்த உயரத்தில் இருப்பது எதிர் அபார்ட்மென்டின் தண்ணீர்த் தொட்டி. அதற்குமேல் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் விளக்கு. அதற்கும் பின்னால் மொத்த நகரத்தின் வெளிச்சம். ஆகவே துருவனை விட்டுவிட்டு, தெற்கில் ஒரு நட்சத்திரத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி, அது மேலே நகர்கிறதா கீழே நகர்கிறதா என்று பார்த்து அச்சைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். பொறுமை வேண்டும், கொசுவத்தியும் வேண்டும். வாட்ச்மேன் மேலே வந்து, “சார், மாடிக் கதவு பூட்டணும், மணி பதினொண்ணு” என்றார். “இன்னும் கொஞ்ச நேரம்ப்பா, ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு” என்றேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “எங்க சார், சத்தமே கேக்கலியே” என்றார். பூட்டுச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார், நல்ல மனுஷன்.

எடுக்கும் முறையில் கல்யாணப் படத்துக்கு நேர்மாறான சில வேலைகள் உண்டு. ஃபோகஸைக் கேட்டையில் கூர்மையாக வைத்துவிட்டு, பிறகு ஒரு நூலளவு கலைக்க வேண்டும். ஒளி ஒரே பிக்சலில் குவிந்து நிரம்பிவிட்டால் அளக்க முடியாது. சில பிக்சல்களில் பரவினால்தான் கணக்கு நிற்கும். ஐஎஸ்ஓவை ஏற்றக் கூடாது. சென்னை வானம் சீக்கிரம் வெளுத்துவிடும். பத்து, பதினைந்து விநாடி எக்ஸ்போஷராகப் பல எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஜேபெக் உதவாது, ரா ஃபைல்தான். அதிலும் பச்சைச் சேனலை மட்டும் பிரித்தெடுத்தால் அது வானியலாளர்கள் அளக்கும் ஒளிப்பட்டைக்கு நெருங்கி வரும். அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் தரும் வரைபடத்தில் சுற்றியிருக்கும் நட்சத்திரங்களின் மேக்னிட்யூட் இருக்கும். அவற்றோடு ஒப்பிட்டால் நம் நட்சத்திரத்துக்கு எண் கிடைத்துவிடும்.

திரையில் முதலில் பார்த்தபோது பத்தாம் மேக்னிட்யூடை ஒட்டிய ஒரு சாதாரணப் புள்ளி. அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து ஒரு வித்தியாசமும் இல்லை. என் மனைவி எட்டிப் பார்த்து, “இதுக்கா?” என்றாள். அம்பு போட்டுக் காட்டினால்தான் தெரியும். வேலை தெரிந்த சில நண்பர்கள் நெபுலாக்களை நீலமும் சிவப்புமாகச் சாயம் ஏற்றிக் காலண்டருக்குத் தருகிறார்கள். அழகாகத்தான் இருக்கும், நானும் மாட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நெபுலா நாளைக்கும் அங்கேயே இருக்கும், அடுத்த ஜென்மத்திலும் இருக்கும். இந்தப் புள்ளியை அடுத்த இரவு எடுத்தால் வேறு எண். நோவாப் படத்தில் அழகுபடுத்தும் வேலை எதுவும் செய்யக் கூடாது என்பது என் கட்சி. கான்ட்ராஸ்ட் ஏற்றினால் எண் பொய்யாகிவிடும்.

நேரமும் முக்கியம். கல்யாணத்தில் முகூர்த்தத்தை மட்டும் தவறவிடாமல் இருந்தால் போதும், கேமரா கடிகாரம் பத்து நிமிஷம் பிந்தினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே இரண்டரை நாளில் பதினாறில் ஒரு பங்காகிற பொருள். கடிகாரத்தை விநாடி சுத்தமாகச் சரிசெய்து, உலக நேரத்தில் எழுத வேண்டும். படம் எடுத்தவுடன் ஃபைலின் பெயரிலேயே தேதி, நேரம், லென்ஸ், இடம் எல்லாம் சேர்த்து, இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைக்கிறேன். வெடிப்பு இல்லாத மாதங்களிலும் அதே மூலையை எடுத்து வைக்கிறேன். வெறும் இடத்தின் படம்; புள்ளி இல்லாததே அதில் செய்தி. ஹெலன் தாமஸுக்கு 1906, 1936 தட்டுகள் பயன்பட்டதற்கு மற்ற வருஷத்து வெற்றுத் தட்டுகளும் காரணம்.

ஒரு ஓட்டையை மட்டும் யாராலும் அடைக்க முடியாது. கார்த்திகை மாதத்தில் சூரியனே விருச்சிகத்தில் இருக்கும். நவம்பர் கடைசியில் அது யூ ஸ்கார்ப்பிக்கு வெகு அருகே கடந்து போகிறது. அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் அந்தப் பக்கமே பகல். அந்த இடைவெளியில் வெடித்து அடங்கினால் நமக்குத் தெரியாது. பழைய இடைவெளிகளைப் பார்த்தால் எட்டு வருஷமும் உண்டு, பன்னிரண்டு வருஷமும் உண்டு. 2022 ஜூனோடு அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். தை பிறந்தால் விடிகாலை நாலு மணிக்குக் கிழக்கில் விருச்சிகம் ஏறியிருக்கும். வைகாசி, ஆனியில் இரவு முழுக்க. புரட்டாசி வரை சாயங்காலம் மேற்கில். சொந்தமாகக் கேமரா வைத்திருப்பவர்கள் 200 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறையாவது மாடிக்குப் போகலாம். வாட்ச்மேனிடம் முதலிலேயே சொல்லி வைத்துக்கொள்வது நல்லது.